பெயர் எழுதாத வரைபடம்

மகனே,

இந்தக் கடிதத்தை மூன்றாம் மாடி டாக்டரம்மாவின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நாளை மறுநாள் அவர் தன் மகள் வீட்டுக்கு, நீ இருக்கும் ஹூஸ்டனுக்கே போகிறார். கவரை நான் ஒட்டப்போவதில்லை. ஊருக்குப் போகிறவர் கையில் எதைக் கொடுத்தாலும் திறந்து காட்டிவிட்டுக் கொடுப்பதுதான் இங்கே நம் ஆட்களின் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். ஊறுகாய் பாட்டிலோ, பிரஷர் மாத்திரையோ, பெண்ணுக்கு எடுத்த வளையலோ, எதுவானாலும் சுங்கத்தில் நின்று பதில் சொல்லப்போகிறவர் அதைச் சுமக்கிறவர்தான். உள்ளே இருப்பதன் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேற்று டாக்டரம்மாவிடம் கேட்டபோது அவரும் வழக்கம்போல, "உள்ள என்ன வைக்கிறீங்க பாய்?" என்றார். "பயம்" என்றேன். அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

இன்னும் பதினோரு நாளில் நீ அபுதாபியில் இறங்குகிறாய். அடுத்த இரண்டாம் நாள் உன் தங்கையின் நிக்காஹ். வீட்டில் உன் உம்மா உனக்காக ஷெர்வானியைத் தைத்து, இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதன் தோளைத் தட்டிவிட்டுப் போகிறாள். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. லிஃப்ட் நம் மாடியில் நிற்கும் சத்தம் கேட்டால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இரண்டு முறை அடிக்க விட்டுத்தான் எடுக்கிறேன். முப்பது வருடம் நிருபராகக் கோர்ட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் செய்தி கேட்டுப் போய்வந்தவன் நான். அந்தக் கட்டடங்களுக்கு முன்னால் காரை நிறுத்தும்போது ஒருநாளும் தயங்கியதில்லை. இப்போது அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ போனில் என்னைப் பாதியில் நிறுத்திவிட்டாய். இங்கே உன்னால் நிறுத்த முடியாது.

போன சனிக்கிழமை முசஃபா தொழிற்பேட்டைக்குப் போனேன், லிங்கத்துக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க. அவர் லேத் பட்டறையை உனக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. நீ எட்டாவது படிக்கும்போது நம் குக்கரின் வெயிட் தொலைந்துபோனதே, நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டு வெயிட்டை இரவல் வாங்கிக்கொண்டு நாம் இரண்டு பேரும் அவரிடம் போனோம். அவர் எதுவும் கேட்கவில்லை. "சாம்பிள் குடுத்துட்டீங்கள்ல பாய், அரை மணி நேரத்துல ரெண்டா எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். புது வெயிட் பழையதைவிடப் பளபளவென்று இருந்தது. உன் உம்மா அதைக் குக்கரில் போட்டுவிட்டு, "வெடிச்சா வாப்பாவும் மகனும் முன்னாடி நில்லுங்க" என்று சொல்லி ஹாலுக்கு ஓடிப்போனாள். வெடிக்கவில்லை. அதன்பிறகு உன் சைக்கிள் ஸ்டாண்டு, பள்ளிக்கூட பிராஜெக்டுக்கான பல்சக்கரம், என் ஸ்கூட்டரின் பிரேக் பெடல் எல்லாமே அவர் பட்டறையில்தான் பிறந்தன. முசஃபாவின் முறை அது. சாம்பிளைக் கொடு, இல்லையென்றால் படத்தைக் கொடு. அதே மாதிரி வரும். எதற்கு என்ற கேள்வி அங்கே கிடையாது.

பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். உடனே போனை எடுத்து, "இதப் பாத்தீங்களா பாய், அமெரிக்காக்காரன் நம்மள மறக்கல. தம்பி வேலை குடுத்திருக்கான்" என்று பெருமையாகக் காட்டினார். நீ அனுப்பியிருந்த வரைபடம். ஒரு முனையில் தடித்து, மறுமுனைக்கு மெலிந்துகொண்டே போகும் ஒரு குழாய். நீளம், விட்டம் எல்லாம் துல்லியமாகக் குறித்திருந்தாய். கீழே உன் குரலில் ஒரு செய்தி: "மாமா, வெளிப்பக்கம் மட்டும் கடைஞ்சு வைங்க. உள்வேலைய இங்க கொண்டுவந்து நான் பாத்துக்கறேன். கல்யாணத்துக்கு வர்றப்ப எடுத்துக்கறேன்." லிங்கம் ஏற்கனவே கம்பியை வெட்டி லேத்தில் பிடித்து, பாதி நீளத்துக்குச் செதுக்கியிருந்தார். எண்ணெய் வடிய அது மேஜைமேல் கிடந்தது. "நல்ல ஸ்டீல் பாய். என்னமோ ஹைட்ராலிக் சாமான் போல" என்றார்.

நான் அந்த நீளத்தைப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் வீடியோ காலில் உன் கராஜ் மேஜையைக் காட்டி, நீயே செய்துகொண்டிருக்கும் ரைஃபிளுக்கு இதைவிடக் குட்டையான குழல் வேண்டும், அங்கே ஆர்டர் போட்டால் காத்திருக்க வேண்டும் என்று சொன்னாயே, அப்போது நீ சொன்ன அதே அளவு. வரைபடத்தின் மூலையில் பாகத்தின் பெயர் எழுதும் கட்டத்தைத் தேடினேன். எஞ்சினியர்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவதில்லை. பள்ளிக்கூடத்துப் பல்சக்கரத்துக்கே "பல்சக்கரம், எண் ஒன்று" என்று எழுதியவன் நீ. இதில் வெறும் "பைப்" என்று எழுதியிருந்தாய்.

அங்கே நான் செய்ததை முதலில் ஒப்புக்கொள்கிறேன். லிங்கத்திடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. "அளவு தப்பாம், பையன் நிறுத்தச் சொன்னான்" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். செய்தியில் ஒரு ஊரின் பெயர் தப்பாக வந்ததற்காக ஆசிரியரின் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டவன், இந்தப் பொய்யை இமைக்காமல் சொன்னேன். காரணம் வெட்கம். உன்னை அவர் முன்னால் தாழ்த்த எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்தேன்.

நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "வாப்பா, ரிலாக்ஸ். அது வெறும் இரும்புப் பைப். இங்க வீட்ல சொந்தமா கன் செய்யறது லீகல். குட்டை ரைஃபிளுக்கு இருந்த வரிகூட எடுத்துட்டாங்க, இப்ப ஃப்ரீ." நான் முசஃபாவைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "நீங்க பேப்பர்காரர், எல்லாத்தையும் ஹெட்லைனாவே பாப்பீங்க" என்று சிரித்தாய். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய்.

நீ சட்டத்தைச் சொன்னதால் நான் சட்டத்தைப் படித்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். இரண்டு நாள் உட்கார்ந்தேன். உன் மாநிலத்தில் ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்குத் துப்பாக்கி செய்துகொள்ளலாம் என்பது சரிதான். விற்பதற்குச் செய்யக் கூடாது. துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவராகவும் இருக்கக் கூடாது. ஆனால் ரைஃபிளின் குழல் பதினாறு அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் அது வேறு கணக்கு. அதைச் செய்யத் தொடங்குவதற்கு முன்பே மத்திய அரசுக்கு விண்ணப்பித்து, கைரேகையும் புகைப்படமும் கொடுத்து, அனுமதி கைக்கு வந்த பிறகுதான் தொட வேண்டும். கைத்துப்பாக்கியாகச் செய்த ஒன்றில் தோளில் தாங்கும் கட்டையை மாட்டினாலும் அது அந்தக் குட்டை ரைஃபிள் கணக்கில் போய்விடும். வரியைப் பூஜ்யமாக்கியது உண்மை. அனுமதி வேண்டும் என்ற விதியை யாரும் எடுக்கவில்லை. கட்டணம் போனதும் கட்டுப்பாடும் போய்விட்டது என்று நீ படித்துக்கொண்டாய். வெளிநாட்டில் செய்த குழலை அங்கே கொண்டுபோவதற்குத் தனியாக இறக்குமதி அனுமதி வேண்டும். "பைப்" என்று எழுதி சூட்கேஸில் வைத்தால் அது கடத்தல்.

இதையெல்லாம்விட என்னை உட்கார வைத்தது சட்டத்தின் வேறொரு வாசகம். வேலை விசாவில் அங்கே இருக்கிறவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே அந்த நாட்டின் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. சில விலக்குகள் உண்டு. மாநிலத்தின் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதில் ஒன்று. நீ உன் நண்பர்களோடு ஒருமுறை உரிமம் எடுத்ததாகச் சொன்னாய். அது வருடத்துக்கு வருடம் காலாவதியாகும். இன்றைக்கு அது செல்லுமா? உன் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தேவையில்லை, அவர் அந்த நாட்டுக் குடிமகன். அவர் கராஜில் செய்வதைப் பார்த்து நீ உன் கராஜில் செய்கிறாய். விசா பக்கத்தின் தேதியைப் பார்த்துப் பார்த்து வாடகை ஒப்பந்தமும் பள்ளிக்கூட அட்மிஷனும் போட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை நீ. நாம் எங்கே இருந்தாலும் முதலில் நம் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருப்பதைப் படிக்க வேண்டும் என்பதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று நினைக்கவே இல்லை. நான் வக்கீல் அல்ல. படித்ததைச் சொல்கிறேன். விமானம் ஏறுவதற்கு முன்னால் அங்கே ஒரு வக்கீலைப் பார்த்து, உன் கராஜ் மேஜைமேல் இருப்பது அத்தனையையும் அதனதன் பெயரோடு சொல்.

இங்குள்ள சட்டம் சுருக்கமானது. உரிமம் இல்லாமல் ஆயுதம் செய்வதும், பழுது பார்ப்பதும், வைத்திருப்பதும், கொண்டுவருவதும் குற்றம். பாகமும் தோட்டாவும் அதில் அடக்கம் என்று எனக்குத் தெரிந்த வக்கீல் சொன்னார். "பாதி செதுக்கிய கம்பி இன்னும் கம்பிதான்னு வாதாடலாம். வாதாடுற இடத்துல போய் நிக்கணும், அதுதான் தண்டனை" என்றார். அந்த இடத்தில் நின்ற ஒரு ஆளை நான் பார்த்திருக்கிறேன். நீ அப்போது கைக்குழந்தை. ஒரு கராஜில் வேலை பார்த்த வெல்டர். யாரோ கொண்டுவந்து கொடுத்த பழைய வேட்டைத் துப்பாக்கியின் உடைந்த பாகத்தை ஒட்டிக் கொடுத்திருக்கிறார். என்ன பொருள் என்று கேட்டாயா என்று நீதிபதி கேட்க, மொழிபெயர்ப்பாளர் அதை இந்தியில் திருப்பிச் சொன்னார். அந்த மனிதர், "சாமான் வந்துச்சு, ஒட்டினேன். நாங்க கேக்கறதில்லங்க" என்றார். தமிழில். மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் தெரியாது, பக்கத்தில் நின்ற இன்னொரு கைதி அதை இந்தியில் சொன்னார். சிறை, பிறகு நாடுகடத்தல். நான் ஆறு வரி எழுதினேன். வெளியே வந்து காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். அவர் எந்த ஊர், வீட்டில் யார் என்று நான் கேட்கவில்லை. நானும் கேட்காத ஆள்தான்.

உன்னிடமும் நான் கேட்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் நீ முதல்முறையாக ஒரு கைத்துப்பாக்கியின் படத்தை அனுப்பி, "நானே அசெம்பிள் பண்ணினது வாப்பா" என்று எழுதினாய். அதற்கு முன்னால் ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் செய்தி வந்த சந்தோஷத்தில் நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? கட்டைவிரல் படம். கூடவே, "ஃபினிஷிங் நல்லாயிருக்கு". எதற்கு, யார் அனுமதி கொடுத்தார்கள், உன் விசாவுக்கு அது ஆகுமா, ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் ஆறு வாரம் பேசமாட்டாயோ என்ற பயம். அந்தச் சின்னப் பயத்தால்தான் இந்தப் பெரிய பயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. தப்பு உன்னுடையது மட்டுமல்ல என்று நான் சொல்வது உன்னைத் தேற்றுவதற்காக அல்ல. அது நடந்தது, எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை லிங்கம் போன் செய்தார். "பாய், தம்பி சரியான அளவு அனுப்பிட்டானா? பாதி வேலை டேபிள்லயே கெடக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சுப்புடறேன். இத நம்ம மொய்யா வச்சுக்கச் சொல்லுங்க" என்றார். என் பொய் என்ன செய்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. நான் நிறுத்தியதாக நினைத்த வேலை புது அளவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் வந்துபோகும் பட்டறையில், திறந்த மேஜைமேல், உன் குரல் பதிந்த போனுக்குப் பக்கத்தில்.

அன்று மத்தியானமே போனேன். லேத் ஓடிக்கொண்டிருந்தது. "இத நிறுத்துங்க, ஒரு விசயம் சொல்லணும்" என்றேன். "சொல்லுங்க பாய், காது கேக்குது" என்றார். "கேக்காது, நிறுத்துங்க." நிறுத்தினார். சொன்னேன். அளவு தப்பு என்று சொன்னது பொய் என்பதையும், அந்தக் குழாயின் உண்மையான பெயரையும். அவர் அந்தக் கம்பியை எடுக்கக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். சுடுகிற சட்டியைத் தொடப் போனவர் மாதிரி. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இருபத்தி நாலு வருசம் பாய்" என்றார். "இந்த ஊர்ல ஒரு பார்க்கிங் ஃபைன் இல்ல எனக்கு." துணியை மடித்து மேஜைமேல் வைத்தார். "நான் கேட்டிருக்கணும். வேற யாராச்சும் குடுத்திருந்தா ஒரு வேளை கேட்டிருப்பேன். நம்ம தம்பிதானேன்னு விட்டுட்டேன்." அவருடைய இரண்டாவது பெண் இந்த வருடம் நர்ஸிங் முடிக்கிறாள். விசா அவருடைய கஃபீலின், அதாவது அரபு ஸ்பான்சரின் பெயரில், பட்டறை லைசென்ஸும் கஃபீலின் பெயரில். ஒரு நாள் விசாரணைக்குக் கூப்பிட்டால் போதும், மிச்சமெல்லாம் தானாகச் சரிந்துவிடும். இதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்தக் கம்பியை என்ன செய்வது என்று வக்கீலிடமே கேட்டோம். அவர் வந்து பார்த்தார். அவர் முன்னாலேயே லிங்கம் அதைக் குறுக்கே நாலு துண்டாக அறுத்தார். போனில் இருப்பதை அழிக்க வேண்டாம் என்று வக்கீல் சொன்னார். எப்போது வந்தது, எப்போது நிறுத்தினோம் என்பதற்கும் அதுதான் சாட்சி. உன் செய்திக்குக் கீழே லிங்கம் ஒரு வரி அனுப்பினார்: "இந்த வேலை செய்ய மாட்டேன் தம்பி." நீ இதை நேற்றே பார்த்திருப்பாய். படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்திருந்தது என்று அவர் சொன்னார். பதில் இல்லை என்றும் சொன்னார். இதோடு முடிந்துவிட்டது என்று வக்கீல் சொல்லவில்லை. "அப்படித்தான் நெனைப்போம்" என்றார். அந்த வார்த்தையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பையைக் காலி செய். கராஜுக்கும் ஷூட்டிங் ரேஞ்சுக்கும் எடுத்துப்போகும் அந்தப் பச்சைப் பையைக் கொண்டுவராதே, அதை வேறு பைக்குள் மடித்தும் வைக்காதே. கொண்டுவரும் சூட்கேஸின் ஒவ்வொரு உறையையும் வெளிப்பக்கம் திருப்பி உதறு. ஷூவுக்குள் விரலை விட்டுப் பார். ஜீன்ஸ் பாக்கெட்டில் தங்கிய ஒரே ஒரு காலித் தோட்டா போதும். இங்கே ஸ்கேனருக்கு முன்னால் நின்று "மறந்துட்டேன்" என்று சொன்னவர்களின் செய்தியையும் நான் எழுதியிருக்கிறேன். அதுவும் ஆறு வரிதான். அங்கே வக்கீல் இப்போது வெளிநாடு போகாதே என்று சொன்னால் வராதே. உன் தங்கையிடம் நான் பேசிக்கொள்கிறேன். அண்ணன் இல்லாத நிக்காஹ் அவளுக்குப் பெரிய குறைதான். ஆனால் அண்ணனை ஏர்போர்ட்டிலேயே பிடித்து வைத்துக்கொண்ட நிக்காஹ் வேறு.

இன்னொன்று இருக்கிறது. பட்டறையை விட்டு நான் கிளம்பும்போது லிங்கம் வாசல்வரை வந்தார். நீ வரும்போதெல்லாம் அவருடைய பிக்கப்பில்தான் ஏர்போர்ட்டிலிருந்து வருவாய். பின்னால் பெட்டியைப் போட்டு, முன்னால் உனக்கு ஒரு லபான் மோர் பாட்டில் வைத்திருப்பார். இந்த முறையும் அவர்தான் வருவதாக இருந்தது. என் கார் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பிக்குத் தெரியுமா பாய்? எங்கிட்ட இதக் குடுக்கறப்ப, நான் மாட்டிக்குவேன்னு தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஏற்கனவே அவரிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதோடு, அந்தக் கட்டத்தில் நீ எழுதியிருந்த வார்த்தை என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. தெரியாதவன் அதன் பெயரையே எழுதியிருப்பான். அதனால் நான் பதில் சொல்லாமல் காரில் ஏறிவிட்டேன். அவர் கதவை மெல்லச் சாத்தினார். இவ்வளவு வருடத்தில் அவர் கதவை அப்படிச் சாத்தி நான் பார்த்ததில்லை. எப்போதும் ஓங்கி அடிப்பார், நான் திட்டுவேன்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. அது என்னிடம் கேட்ட கேள்வி அல்ல. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவருக்குப் போன் செய். செய்தி அனுப்பாதே, பேசு. அவர் லேத்தை நிறுத்தும்வரை காத்திரு. அந்தப் பொருளின் பெயரை உன் வாயால் சொல். பிறகு அவர் கேட்டதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல். எதுவாக இருந்தாலும் உண்மையாக இருக்கட்டும். அதன் பிறகு உன்னைக் கூட்டிவர யார் வருவது என்பதை அவர் முடிவு செய்வார்.

நீ இறங்கும் அன்று, யார் வந்தாலும் வராவிட்டாலும், நான் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பேன். வெளியே வருகிற ஒவ்வொரு முகமும் உன்னுடையதா என்று பார்த்துக்கொண்டு.

வாப்பா